18ஆம் நூற்றாண்டுச் சிவப்புக் கம்பளி மேலங்கி, முழுக்கக் கைத்தையல்: ஓரத்தை மடிப்பதா, அப்படியே விடுவதா?

ஆயர்ஈத்தாம்_வாசகி:

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆகஸ்டு மாதம் மேடையேறும் நாடகம் ஒன்றில், 1786ஆம் ஆண்டு லண்டன் கப்பல்துறையில் நடக்கும் காட்சி வருகிறது. அதில் வரும் பெண்ணுக்கு முக்காடு வைத்த சிவப்புக் கம்பளி மேலங்கி வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்தால் தையல் தெளிவாகத் தெரியும் சின்ன அரங்கம், அதனால் மிஷின் தொடாமல் கையாலேயே தைக்க வேண்டும்.

கையில் இருப்பது 3 மீட்டர் துணி. அகலம் 150 செ.மீ., சதுர மீட்டருக்கு 480 கிராம், லேபிளில் மெல்டன் (இறுக்கிய கனத்த கம்பளித் துணி), 80% கம்பளி, 20% நைலான் என்று போட்டிருக்கிறது. நடிப்பவரின் உயரம் 160 செ.மீ.

அந்தக் காலத்து அசல் மேலங்கிகளில் கீழ் ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள் என்று படித்தேன். இந்தத் துணியிலும் அப்படி விடலாமா? முக்காட்டின் பின்பக்கம் விசிறிபோல் விரியும் கொசுவத்தை எப்படிப் பிடிப்பது? உள்துணி முழுவதற்கும் வேண்டுமா? துணி இன்னும் வெட்டவில்லை.

செந்தூல்_ஊசிநூல்:

வெட்டாமல் கேட்டீர்களே, நல்லது. இந்த மேலங்கியில் பாதி வேலையைத் துணியே செய்துவிடும். துணி சரியில்லாவிட்டால் எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தாலும் காப்பாற்ற முடியாது.

அசலில் பயன்பட்ட துணிக்கு நம் பழைய தமிழில் சகலாத்து என்று பெயர். மலாயிலும் சக்லாட் என்பார்கள். தறியில் மிக அகலமாக நெய்து, வெந்நீரிலும் சோப்பிலும் போட்டு அடித்து மிதித்துச் சுருக்குவார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி பலகைபோல இறுகிவிடும். பிறகு மேல்ரோமத்தைக் கிளப்பி, சீராகக் கத்தரிப்பார்கள். அப்படி இறுகிய துணியை வெட்டினால் நூல் பிரியாது. ஓரம் மடிக்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் துணி அந்த அளவுக்கு இறுகியிருக்கிறதா என்று பார்க்க, ஓரத்திலிருந்து 5 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி எடுங்கள். வெட்டுவாயை நகத்தால் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். பிறகு ஊசி முனையால் ஓர் இழையைக் கிளப்பிப் பாருங்கள். வெறும் பஞ்சு மட்டும் வந்தால் கவலை இல்லை. முழு இழை நீளமாக உருவிக்கொண்டு வந்தால், இப்போதைக்கு ஓரத்தை வெறுமனே விட முடியாது.

லேபிளை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். நைலானோ பாலியஸ்டரோ உருகிக் கெட்டியான மணியாகும். 20% நைலான் கலந்திருந்தால் பொடியும் சிறு மணியும் சேர்ந்தே வரும், அது பரவாயில்லை. மணி மட்டுமே மிஞ்சினால் அந்தத் துணி எத்தனை தடவை வெந்நீரில் போட்டாலும் இறுகாது.

இழை உருவி வந்தால் வீட்டிலேயே இறுக்கிக்கொள்ளலாம். முதலில் சரியாக 20 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, ஒரு வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து 40 டிகிரி நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். எவ்வளவு சுருங்குகிறது, சாயம் ஊறுகிறதா என்று இரண்டும் தெரிந்துவிடும். திருப்தியானால் மொத்தத் துணியையும் போடலாம். மேலிருந்து திறக்கும் வாஷிங் மிஷின்தான் இதற்கு வசதி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்க்க முடியும். போடுவதற்கு முன் துணியின் இரண்டு வெட்டு முனைகளையும் ஒன்றாக இணைத்துப் பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முனைகள் அலை அலையாக விரிந்துவிடும். சுருங்கிய கம்பளி திரும்ப விரியாது. அதனால் போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே எடுத்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி:

மேடைக்குத்தானே, இவ்வளவு சிரமம் எதற்கு? கீழ் ஓரத்தை 2 செ.மீ. மடித்து ஹெம்மிங் போட்டு, உள்ளே முழுக்க சாட்டின் லைனிங் கொடுத்தால் பிரியவும் பிரியாது, உள்பக்கமும் பளிச்சென்று இருக்கும். வெட்டியபடி விட்ட ஓரம் பார்ப்பவர்களுக்குத் தைத்து முடிக்காத உடுப்பு மாதிரிதான் தெரியும். துணியைச் சுருக்கப் போய் மொத்தத் துணியும் கெட்டுப்போனால் வேறு வாங்க இங்கே எங்கே போவது? கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் கம்பளி என்று கேட்டால் சூட் துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

செந்தூல்_ஊசிநூல்:

அண்ணே, சூட் துணியைப் பற்றிச் சொன்னது சரி. சீவி நேராக்கிய நூலில் நெய்தது அது. மெல்லியது, வழுவழுப்பானது, வெட்டிய உடனே பிரியும். இந்த வேலைக்கு ஆகாது.

ஆனால் 2 செ.மீ. மடிப்பை ஒப்புக்கொள்ள முடியாது. அரைவட்ட மேலங்கியின் கீழ் விளிம்பு 112 செ.மீ. ஆரம் என்று வையுங்கள். வெளி விளிம்பின் நீளம் ஏறக்குறைய 352 செ.மீ. அதை 2 செ.மீ. உள்ளே மடித்தால், அது 4 செ.மீ. உள்ளே போய் உட்காரும், அந்த இடத்தின் நீளம் 339 செ.மீ.தான். மிச்சமுள்ள 12 செ.மீ.க்கு மேற்பட்ட துணி எங்கே போகும்? சின்னச் சின்னச் சுருக்கமாக நிற்கும். கனத்த கம்பளியில் அது வெளியே முடிச்சு முடிச்சாகத் தெரியும். இரண்டு தடவை மடித்தால் மூன்று அடுக்கு சேர்ந்து, கீழே கயிறு கட்டிய மாதிரி ஒரு வரம்பு விழும், துணியின் அசைவே போய்விடும். இழை பிரிகிற துணியாக இருந்து வேறு வழியில்லை என்றால், ஒரே மடிப்பாக 5 மி.மீ. மட்டும் உள்ளே திருப்பி ஹெம்மிங் போடலாம். அதில் மிஞ்சுவது 3 செ.மீ. அளவுதான், ஈரத்துணி வைத்து ஆவி கொடுத்தால் கம்பளி அதை உள்வாங்கிக்கொள்ளும்.

முழு லைனிங்கும் வேண்டாம். அசலில் பெரும்பாலும் முக்காட்டுக்கு மட்டும் பட்டு உள்துணி இருக்கும், சிலவற்றில் முன் ஓரங்களிலும் ஒரு பட்டுப் பட்டை. வட்டமாக வெட்டிய கம்பளி ஒரு விதமாகத் தொங்கும், சாட்டின் இன்னொரு விதமாகத் தொங்கும். கொஞ்ச நாளில் லைனிங் கீழே எட்டிப் பார்க்கும், அல்லது கம்பளியை மேலே இழுத்துப் பிடிக்கும்.

ஆயர்ஈத்தாம்_வாசகி:

நன்றி. சோதித்துப் பார்த்தேன். நகத்தால் தேய்த்ததும் இழை உருவிக்கொண்டு வந்தது. 20 செ.மீ. சதுரம் அலசிய பிறகு இரண்டு பக்கமும் 18 செ.மீ. ஆனது. இப்போது எவ்வளவு இழுத்தாலும் பஞ்சுதான் வருகிறது. வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்புக்கூடப் படவில்லை. தடிமன் 1.8 மி.மீ. அளவுக்கு ஏறியிருக்கிறது. ஆனால் 10% சுருங்கினால் 3 மீட்டர் போதுமா? போதாவிட்டால் முக்காட்டுக்கு மட்டும் ஸ்னூக்கர் மேஜைத் துணி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

பட்டர்வொர்த்_பழந்துணி:

தங்கச்சி, 3 மீட்டரே போதும். ஸ்னூக்கர் துணியும் இதே குடும்பம்தான், ரோமம் வைத்து இறுக்கிய கம்பளி. ஆனால் மேஜையில் விறைப்பாக இழுத்துக் கட்டுவதற்காகச் செய்தது, கொசுவம் விழாது. அதோடு இரண்டு சிவப்பும் மேடை விளக்கில் ஒன்றாகத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். சுருங்கிய பிறகு நீளம் 270, அகலம் 135 செ.மீ. இருக்கும். நீளவாக்கில் இருபுறமும் உள்ள கரைப்பகுதி நடுத்துணியைப் போலச் சுருங்காமல் அலையலையாக நிற்கும். இரண்டு பக்கமும் 1.5 செ.மீ. வெட்டி எறியுங்கள், 132 மிஞ்சும்.

உடலை ஒரே அரைவட்டமாக வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால் ஒரு முன்பக்கத்தில் ரோமம் கீழ்நோக்கிப் படியும், மறு முன்பக்கத்தில் மேல்நோக்கி நிற்கும். விளக்கு பட்டதும் இரண்டும் இரண்டு சிவப்பாகத் தெரியும். இரண்டு கால்வட்டமாக வெட்டி, நடுமுதுகில் இணைக்க வேண்டும். துணியை ஒற்றையாக விரித்து, கையால் தடவி ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்து, அந்தத் திசைக்குச் சாக்கால் அம்புக்குறி போடுங்கள். அம்பு உங்களை நோக்கி வரும்படி துணியை வைத்துக்கொண்டு, முதல் கால்வட்டத்தின் மையத்தை இடது மேல்மூலையில் வையுங்கள். முன் ஓரம் இடது பக்க நீள விளிம்போடு இறங்கும், நடுமுதுகு மேலே குறுக்காகப் போகும். இரண்டாவது அதற்குக் கீழே, மையம் வலது மூலையில், முன் ஓரம் வலது விளிம்போடு. இப்போது இரண்டு முன்பக்கத்திலும் ரோமம் கீழ்நோக்கி விழும். நடுமுதுகில் பக்கவாட்டில் சரியும், ஆனால் இருபுறமும் ஒரே மாதிரி சரிவதால் உறுத்தாது.

கழுத்து வளைவின் ஆரம் 15 செ.மீ., வெளி ஆரம் 112. கழுத்திலிருந்து கீழ்வரை 97 செ.மீ. நீளம், 160 செ.மீ. உயரத்துக்கு முழங்காலுக்குக் கீழே வந்து நிற்கும். கழுத்துச் சுற்று 47 செ.மீ. வரும். நடுமுதுகுத் தையலுக்கு ஒவ்வொரு துண்டிலும் 6 மி.மீ. கூட்டுங்கள். இரண்டு துண்டுக்கும் நீளத்தில் 226 செ.மீ. போகும், மிச்சம் 44. அதில் முக்காட்டுக்கு 76க்கு 38 செ.மீ. துண்டு தாராளமாக எடுக்கலாம். 76ஐ அகலவாக்கில் வையுங்கள், அப்போதுதான் முக்காட்டில் ரோமம் நெற்றியிலிருந்து பின்னோக்கிப் படியும்.

வளைவு போட நூல் கட்டிய சாக்கைப் பயன்படுத்த வேண்டாம், நூல் இழுபட்டு ஒன்றிரண்டு செ.மீ. மாறிவிடும். மெல்லிய மரச்சட்டத்தில் 15லும் 112லும் ஓட்டை போட்டு, மையத்தில் ஆணி வைத்துச் சுற்றுங்கள். சாதாரண வெள்ளைச் சாக் போதும்.

வெட்டும்போது நீண்ட அலகுக் கத்தரி எடுங்கள். வெட்டு ஓரமே இறுதி ஓரம். சின்னக் கத்தரியால் கொறித்துக் கொறித்து வெட்டினால் ஒவ்வொரு கடியும் படிக்கட்டு மாதிரி கடைசிவரை தெரியும். கீழ் விளிம்பை மட்டும் முதலில் 2 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள், 114 ஆரம். முன் ஓரத்துக்கும் நடுமுதுகுக்கும் நடுவே துணி மூலைவாட்டில், இழைகளுக்குச் சாய்வாகத் தொங்கும், அந்த இடம் இறங்கும். தைத்து முடித்து இரண்டு நாள் தொங்கவிட்ட பிறகு, தரையிலிருந்து அளந்து குறியிட்டு இறுதியாக வெட்டலாம். அந்த 2 செ.மீ.யும் மேலே சொன்ன நீளக் கணக்குக்குள் அடங்கும். முக்காட்டுத் துண்டுக்கு 40 செ.மீ. மிஞ்சும்.

செந்தூல்_ஊசிநூல்:

அண்ணன் வெட்டைச் சொல்லிவிட்டார், நான் தையலைச் சொல்கிறேன்.

நூல்: லினன் நூல் 50/3 அல்லது அதற்கு நெருங்கிய தடிமன். நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள நீளம் போதும். அதைவிட நீளமாக எடுத்தால் துணிக்குள் போய் வந்தே நூல் நைந்துவிடும். தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்து, காகிதத்துக்கு நடுவே வைத்து மிதமான சூட்டில் ஒரு தடவை தேயுங்கள், மெழுகு நூலுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் மெழுகுத் துணுக்கு சிவப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டும். ஊசி 8ஆம் எண், குட்டை ஊசியாக இருந்தால் கனத்த துணியில் வளையாது. விரலில் மாட்டும் அங்குஸ்தான் கட்டாயம். 1.8 மி.மீ. துணி இரண்டு அடுக்கை விரல் நுனியால் தள்ள முடியாது.

நடுமுதுகுக்குப் பின்தையல், ஓரத்திலிருந்து 6 மி.மீ., ஒரு செ.மீ.க்கு மூன்று தையல். முடிந்ததும் தையலிடத்தை விரித்துத் தேயுங்கள். உள்ளே ஓரத்தை மூட வேண்டாம், இறுகிய துணி அப்படியே நிற்கும்.

முக்காட்டுத் துண்டைப் பாதியாக மடித்தால் 38க்கு 38. மடிப்பு உச்சந்தலையில், ஒரு பக்கம் முகம், எதிர்ப்பக்கம் பின்தலை, கீழே கழுத்து. பின்தலை ஓரத்தைக் கழுத்திலிருந்து மேலே 18 செ.மீ. வரை பின்தையலில் மூடுங்கள். மேலே இருபுறமும் 20, 20 ஆக 40 செ.மீ. திறந்திருக்கும். விசிறி அங்கேதான்.

அசலில் துணி மெல்லியதாக இருந்ததால் கொசுவத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துத் தைத்தார்கள். உங்கள் துணியில் அப்படிச் செய்தால் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் சேர்ந்து 2 செ.மீ. கட்டியாகிவிடும், ஊசி உடையும். அதனால் கொசுவத்தை நிறுத்திவைத்துச் சுருக்குங்கள். உள்பக்கத்தில் ஓரத்திலிருந்து 5 மி.மீ.யில் ஒரு வரிசையும் 11 மி.மீ.யில் இன்னொரு வரிசையும் சாக்கால் கோடு போட்டு, 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். இரட்டை லினன் நூலில் புள்ளிக்குப் புள்ளி ஓட்டுத்தையல். இரண்டு வரிசையிலும் ஊசி இறங்கும் இடமும் ஏறும் இடமும் நேர்க்கு நேர் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கொசுவம் கோணும். இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் பத்து மடிப்பு ஒழுங்காக அடுக்கி நிற்கும், 40 செ.மீ. நான்கு செ.மீ.க்குள் அடங்கும். அந்த நான்கையும் நடுவில் மடித்து, பையின் வாயைக் கட்டுவதுபோல இருபுற விளிம்பையும் சேர்த்து சுற்றுத்தையலில் இறுக்குங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தையலாவது விழ வேண்டும். வெளிப்பக்கம் திருப்பினால் ஒரே புள்ளியிலிருந்து கதிர்போல விரியும்.

பட்டு உள்துணியைக் கம்பளியோடு சேர்த்துக் கொசுவாதீர்கள். அதே அளவில் வெட்டி, தனியாக மெல்லிய ஓட்டுத்தையலில் சுருக்கி, அந்தக் கட்டியின்மேல் மூடி ஹெம்மிங் போடுங்கள். முகப்பக்கம் கம்பளி விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளிப் பட்டுத் துணியை மடித்துத் தைத்தால் வெளியே தெரியாது.

கழுத்தில் முக்காடு 76, உடல் 47. முன்னால் இருபுறமும் 9 செ.மீ. வெறுமனே விட்டு, மிச்சத்தில் பக்கத்துக்கு ஐந்து கொசுவம், ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. ஆழம், பின்னோக்கி. 46 செ.மீ. ஆகும், மீதி ஒரு செ.மீ.யை உடல் துணியில் ஆவியால் உள்வாங்கிக்கொள்ளலாம். இணைப்பதற்கு முன் 46 செ.மீ. பருத்தி நாடா ஒன்றைக் கழுத்து ஓரத்தில் சேர்த்துத் தைத்துவிடுங்கள். மேலங்கி மொத்தம் 1.3 கிலோ அளவு வரும், அந்தப் பாரம் முழுக்கக் கழுத்தில்தான். நாடா இல்லாவிட்டால் பத்து ஒத்திகைக்குள் கழுத்து அகன்றுவிடும்.

கழுத்தில் கட்டி முடிவது 2.5 செ.மீ. அகலப் பட்டு ரிப்பனில், பக்கத்துக்கு 60 செ.மீ. சங்கிலி வைத்த உலோகக் கொக்கி வேண்டாம், அது கதைப்படங்களில் வரும் மேலங்கி.

பிரிக்பீல்ட்ஸ்_கத்தரி:

அந்த 12 செ.மீ. கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. சோதித்த துணியும் பிரியவில்லை என்பதால் ஓரத்தை விட்டுவிடுங்கள் என்றே நானும் சொல்கிறேன்.

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பட்டு வாங்கும்போது தாய்லாந்துப் பட்டு வேண்டாம். அதில் குறுக்கே தடித்த இழை அங்கங்கே ஓடும். அந்தக் காலத்துப் பட்டு வழுவழுப்பான சாதா நெசவு. ஜரிகை இல்லாத பழைய மென்பட்டுப் புடவையின் உடல்பகுதி இதற்கு மிகப் பொருத்தம், 76க்கு 38 எளிதாகக் கிடைக்கும்.

அயர்ன் செய்யும்போது தேய்க்கக் கூடாது. ஈரப் பருத்தித் துணியை மேலே போட்டு, பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் போகவேண்டும். பெட்டியை எடுத்த உடனே அந்த இடத்தில் வழவழப்பான மரக்கட்டையை அழுத்தி, ஆவி அடங்கும்வரை பிடியுங்கள். நடுமுதுகுத் தையல் காகிதம்போலப் படுக்கும். நேரடியாக இரும்பை இழுத்தால் ரோமம் நசுங்கிப் பளபளக்கும், அது மேடை விளக்கில் எண்ணெய்க் கறை மாதிரி தெரியும்.

ஆயர்ஈத்தாம்_வாசகி:

எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: தைத்து முடித்து ஆகஸ்டு வரை இரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும். பினாங்கு ஈரத்தில் பூசணமும் பூச்சியும் வராமல் எப்படி?

பட்டர்வொர்த்_பழந்துணி:

பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. துணிக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் அங்கேயே பூசணம் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே ஆபத்து, நம் வீடுகளில் அதற்கு மேல்தான் இருக்கிறது. கேமரா வைக்கும் உலர்பெட்டி பெரிதாக இருந்தால் அதில் 50 சதவீதத்தில் வைக்கலாம். இல்லையென்றால் ஏர்கான் ஓடும் அறையில், காற்றுப் புகும் அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. பொட்டலத்தின் நிறம் மாறியதும் சூடுகாட்டித் திரும்ப வைக்கவேண்டும்.

பூச்சி தின்பது கம்பளியைத்தான், அதிலும் வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடத்தை முதலில். ஒத்திகை முடிந்ததும் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் தொங்கவிட்டு, மென்மையான பிரஷால் ரோமத்தின் போக்கிலேயே துடையுங்கள், கழுத்துக்கொசுவத்தின் உள்பக்கத்தை மறக்காமல். வெயிலில் போட்டால் சிவப்பு வெளுக்கும். முட்டையோ புழுவோ இருக்கிறதென்று சந்தேகம் வந்தால், நன்றாகக் காய்ந்த துணியைப் பையில் காற்றில்லாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த துணிமேல் காற்றின் ஈரம் நீராகப் படியும். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் பிளாஸ்டிக்.

ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் தோளில் முட்டு விழும், கழுத்தும் இழுபடும். முக்காட்டு விசிறிக்குள் பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்து, மேலங்கியைத் தளர்வாக மடித்து, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சி போட்ட வேட்டியாக இருந்தால் அலசிக் கஞ்சியைப் போக்கிவிட்டுச் சுற்றவேண்டும், கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும். வாரம் ஒரு தடவை மடிப்பு விழும் இடத்தை மாற்றுங்கள்.